நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நில்லுங்கள்: ஒரு வார்டை நன்றாகச் சாப்பிடவும் நடக்கவும் வைப்பது எப்படி

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் 22 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, புளியந்தோப்பில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன். சுகர், பிரஷர், பிள்ளைகளின் எடை என்று பேச்சு வந்ததும் யாராவது எழுந்து, "விழிப்புணர்வு பேனர் வைக்கலாம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கீரை நல்லது என்று தெரியாதவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. ராத்திரி ஏழரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணுக்கு எது வழியில் இருக்கிறதோ, எது இருக்கிற காசுக்குக் கிடைக்கிறதோ, அதுதான் வீட்டுக்குப் போகிறது. பள்ளி விட்டதும் பசியோடு ஓடி வரும் பிள்ளைக்கு வாசலில் எது நிற்கிறதோ, அதுதான் வயிற்றுக்குள் போகிறது. வழியில் எது நிற்க வேண்டும், அங்கே நடந்து போக இடம் இருக்கிறதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநகராட்சிக்கு இருக்கிறது. ஆகவே கவுன்சிலர்களும், வார்டு கமிட்டிக்காரர்களும், மண்டல அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர்களும் படிக்கட்டும் என்று, நான் செய்து பார்த்ததையும் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதல் வேலை: நின்று பார்ப்பது

உங்கள் வார்டில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். சாயங்காலம் மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் வாசலில் நில்லுங்கள். ஒரு வாரம் முழுக்கப் போக வேண்டும், ஒரு நாள் போதாது. வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் என்னென்ன விற்கிறது, என்ன விலை, எந்த வயதுப் பிள்ளை எதை வாங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள். குடிக்கத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் கலர் பாட்டில் அதிகம் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

50 மீட்டர் என்று நான் சும்மா சொல்லவில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதியே இருக்கிறது. விதி இருக்கிறதே என்று உடனே விரட்டக் கிளம்பினால்தான் தப்பு நடக்கும். எங்கள் பள்ளி வாசலிலும் நடந்தது. ஒரு நாள் சிலர் வந்து தள்ளுவண்டிகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டுப் போனார்கள். மாங்காய் விற்றவர் போனார், வேகவைத்த வேர்க்கடலை விற்ற தாத்தா போனார், பஜ்ஜி போட்ட அம்மாவும் போனார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் பெட்டிக்கடைக்கு ஓடின. அங்கே சரம் சரமாகத் தொங்கிய ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மாங்காயும் வேர்க்கடலையும் போய், பாக்கெட் மட்டும் மிஞ்சியது.

பஜ்ஜி போட்ட அம்மா இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை நான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். "ஏம்மா, பஜ்ஜிக்குப் பதிலா சுண்டல் போடேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கணக்குச் சொன்னார். "டீச்சரம்மா, பஜ்ஜி மாவு அப்பப்போ கரைச்சுக்கலாம். புள்ளைங்க வரலன்னா மாவு கரைக்க மாட்டேன், அவ்ளோதான். சுண்டல் அப்டி இல்ல. ராத்திரியே ஊற வைக்கணும், மத்தியானம் வேக வைக்கணும். விக்கலன்னா நம்ம ஊரு வெயிலுக்கு அன்னைக்கே நூல் விட்டுடும்."

இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட எனக்கே இது அதுவரை தோன்றவில்லை. வாசலில் பஜ்ஜி நின்றதற்குக் காரணம் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நஷ்ட பயம்தான் காரணம். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பொட்டலம் பத்து ரூபாய் என்று போட்டாலும் 25 பொட்டலம் தாராளமாகக் கட்டலாம், எண்ணெய்ச் செலவு தாளிப்போடு முடிந்துவிடும். லாபத்துக்குக் குறைவில்லை. மிஞ்சாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கிலோவில் தொடங்கினார். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்குத் திடீரென்று விடுமுறை விட்டுவிட்டார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை. குண்டான் நிறையச் சுண்டலோடு பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறார். அன்று சாயங்காலம் அதே குண்டானோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் பாதியை வாங்கிக்கொண்டேன், மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். மறுநாளே பள்ளி நாட்காட்டியை ஜெராக்ஸ் எடுத்து, தேர்வு நாள், அரை நாள், விடுமுறை எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு அவரிடம் கொடுத்தேன். திடீர் விடுமுறை என்றால் போன் செய்ய வாட்ச்மேனிடம் அவருடைய நம்பரைக் கொடுத்து வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு குண்டான்கூட வீணாகவில்லை.

ஆகவே மாநகராட்சிக்கு என் முதல் வேண்டுகோள் செலவே இல்லாதது. பள்ளி வாசல் வியாபாரிகளுக்கு அந்தப் பள்ளியின் நாட்காட்டியைக் கொடுங்கள்.

அடுத்தது இடம். 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த வண்டி எங்கே நிற்கலாம் என்று பேச வேண்டிய இடம் அதுதான். சுண்டல், பழம், வேர்க்கடலை, அவித்த மரவள்ளிக்கிழங்கு, கம்மங்கூழ் விற்பவருக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே மர நிழலில் இடம் கொடுங்கள், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு குப்பைத்தொட்டியும் வையுங்கள். எண்ணெய்ச் சட்டிக்காரர் அந்த 50 மீட்டரைத் தாண்டி நிற்கட்டும். நாலு மணிக்குப் பசித்த பிள்ளை தூரம் போகாது, முதலில் கண்ணில் படுவதைத்தான் வாங்கும். எண்ணெய்ச் சட்டிக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 முதல் சட்டப்படி ஒரு வரம்பு இருக்கிறது. அதைப் பரிசோதிப்பது உணவுப் பாதுகாப்புத் துறை, மாநகராட்சி அல்ல. யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஏற்கெனவே எரியும் அடுப்புகள்

பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இந்த மாநகராட்சிக்குப் புது வேலை இல்லை. 1920-லேயே, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானம் போட்டார்கள். காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அதற்கெல்லாம் பிறகு வந்தவை. இன்றைக்குக் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துவிட்டது: உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். 2013 முதல் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். இத்தனை அடுப்பு கையில் இருக்கும்போது, புதிதாகத் திட்டம் தேடுவதற்கு முன்னால் இந்த அடுப்பில் என்ன வேகிறது என்று பாருங்கள்.

உப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் மையத்தில் ஆயாம்மா உப்பைக் கைப்பிடியால் அள்ளித்தான் போடுவார். அண்டாவுக்கு நாலு பிடி. ஒரு நாள் அந்த நாலு பிடியையும் தட்டில் கொட்டச் சொல்லி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் அளந்து, அது எட்டிய இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். அப்புறம் வாரம் ஒரு கோடு, முந்தையதற்கு ஒரு நூல் கீழே. ஐந்து வாரத்தில் ஐந்து கோடு. ஒரு பிள்ளையும் "சப்புன்னு இருக்கு மிஸ்" என்று சொல்லவில்லை. ஒரே நாளில் குறைத்திருந்தால் அண்டாவோடு திரும்பி வந்திருக்கும். மாநகராட்சியின் எல்லாச் சமையல்கூடங்களுக்கும் இப்படிக் கோடு கீறிய அளவுக் குவளை கொடுக்கலாம். எண்ணெய்க்கும் அப்படியே.

அம்மா உணவகத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். சாம்பாரில் கீரையோ முருங்கைக்காயோ பூசணியோ கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்றால், அதற்குக் காய்கறிப் பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ஆலோசனை சொல்வதால் காய் வந்துவிடாது. காலையில் ராகிக் கூழ், சாயங்காலம் சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் சுண்டல் என்று ஒரு மண்டலத்தில் மட்டும் மூன்று மாதம் செய்து பாருங்கள். மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர்தான் அங்கே அதிகம் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் ஒரு கரண்டி பயறு கூடினாலே பெரிய விஷயம்.

காய்கறி பற்றி ஒன்று மட்டும். 1996 முதல் நம் காய்கறி எல்லாம் கோயம்பேட்டில் வந்து இறங்குகிறது. அங்கே விலை மலிவு, எங்கள் தெருவுக்கு வருவதற்குள் ஏறிவிடுகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குவது ராத்திரி ஏழு மணிக்கு மேல். ஆகவே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஆறிலிருந்து ஒன்பது வரை, கீரைக்காரம்மாக்கள் உட்கார ஒரு மேடையும் ஒரு விளக்கும் போதும். பெரிய மார்க்கெட் கட்டடம் கட்டி அதை மத்தியானம் திறந்து வைப்பதைவிட இது உதவும்.

ஒரு பாட்டியும் ஒரு சாக்பீஸும்

இப்போது நடப்பதற்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் அதற்கென்று தனியாக ஷூ போட்டுக்கொண்டு போக மாட்டார்கள், நேரமும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் பத்து நிமிட நடை. போக ஒரு பத்து, வர ஒரு பத்து, வாரம் ஆறு நாள் என்றால் 120 நிமிடம் வேலைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிடும். 2021-ல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் மாநகராட்சியின் வேலை.

எப்படி? உங்கள் தெருவில் மூட்டு வலி உள்ள ஒரு பாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எதிர்வீட்டு ஆயாவைக் கூப்பிட்டேன். அவருக்கு 71 வயது, பதினைந்து வருடமாக சுகர். என் கையில் ஒரு சாக்பீஸ். அவர் எங்கெல்லாம் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறாரோ, அங்கெல்லாம் நான் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை 600 மீட்டர்தான். முதல் குறி, தெருவுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான பில்லர் பாக்ஸுக்கு முன்னால். இரண்டாவது, ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு, ஆயாவின் செருப்பு அதில் வழுக்கியது. மூன்றாவது இடத்தில் பிளாட்பாரமே முழங்கால் உயரம், ஒரு கையை என் தோளில் ஊன்றி, "அம்மா முருகா" என்று சொல்லித்தான் ஏறினார். அதற்குப் பிறகு ஏறவே மறுத்துவிட்டார், ரோட்டிலேயே நடந்தார். நிறுத்தம் வருவதற்குள் 11 குறி. திரும்பும்போது ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணு, எனக்கு நடக்கத் தெம்பு இருக்கு. ஏறி எறங்கத்தான் தெம்பு இல்ல."

நடைபாதையில் தடையே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று நாட்டின் சாலை அமைப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. அதை எழுதி வைத்துக்கொண்டு ஒரு டேப் எடுத்துப் போங்கள். வெறுமனே "நடைபாதை சரியில்லை" என்று மனு கொடுத்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே உயரம் 34 சென்டிமீட்டர், பில்லர் பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் 40 சென்டிமீட்டர்" என்று எழுதினால் உதவிப் பொறியாளர் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

பணம் இல்லை என்பார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை ஏற்றது: போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். இந்தியாவில் இப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்ற ஊர் நம்முடையதுதான். 2019-ல் பாண்டி பஜாரில் பிளாட்பாரத்தை அகலப்படுத்தி, பெஞ்சு போட்டு, குழந்தைகளோடு நிம்மதியாக நடக்கிற மாதிரி செய்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் சோறு போட்ட அதே தியாகராயர் பெயரில் இருக்கும் சாலை அது. அங்கே முடிந்தது எங்கள் பக்கத்திலும் முடியும். பளிங்குக் கல்லும் அலங்கார விளக்கும் வேண்டாம், இறங்காமல் நடக்க ஒரே மட்டத்தில் ஒரு பாதை போதும்.

பாதையோடு மூன்று விஷயம் சேர்த்துக் கேளுங்கள். நிழல்: வேம்பும் புங்கனும் வையுங்கள், வேருக்கு மண்ணை விட்டு, சிமெண்டால் கழுத்தை நெரிக்காமல். உட்கார இடம்: 200 மீட்டருக்கு ஒரு திண்ணை மாதிரி. மூன்றாவது கழிவறை. இதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சுகர் இருப்பவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். வழியில் சுத்தமான கழிவறை இல்லை என்றால் அந்தப் பெண் வீட்டை விட்டே கிளம்ப மாட்டாள், கிளம்பினாலும் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள். நடைப்பயிற்சி பற்றிப் பேசும் கூட்டம் ஒவ்வொன்றிலும் கழிவறையைப் பற்றியும் பேச வேண்டும்.

பூங்கா, மைதானம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புது உடற்பயிற்சிக் கருவி வாங்குவதற்கு முன்னால் பூங்காவின் நேரத்தை மாற்றுங்கள். வேலைக்குப் போகும் பெண் திரும்பி வந்து, சமைத்து வைத்துவிட்டு வெளியே வர எட்டு மணி ஆகும். அப்போது கேட் பூட்டியிருந்தால் அவருக்கு அந்தப் பூங்கா இல்லாத மாதிரிதான். ஒன்பதரை வரை திறந்திருக்கட்டும், எல்லா விளக்கும் எரியட்டும்.

மைதானத்தில் நேரம் பிரியுங்கள். வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து என்றால் பையன்களுக்கு உயிர், மகிழ்ச்சிதான். ஆனால் பையன்கள் இறங்கிய மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்கிறார்கள். வாரம் மூன்று நாள், ஐந்திலிருந்து ஆறரை வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று போர்டு எழுதி, ஒரு பயிற்சியாளரும் உடை மாற்ற ஓர் அறையும் கொடுங்கள். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுங்கள். வாட்ச்மேனுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தே திறக்க வேண்டும், இலவசமாக அவர் தலையில் கட்டக் கூடாது.

புது அடுக்குமாடி வரும் இடங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத நிலத்தைப் பொது வெளியாக ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த நிலம் உங்கள் வார்டில் எது எது என்று மண்டல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். சுற்றிலும் வேலி போட்டுப் புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தில் மண்ணைச் சமப்படுத்தி இரண்டு விளக்கு போட்டாலே பிள்ளைகள் விளையாட ஆரம்பித்துவிடுவார்கள்.

காகிதமும் காலமும்

கோரிக்கையைப் பகுதி சபையில் தீர்மானமாகப் போடுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதனால் நவம்பரிலேயே கவுன்சிலர் கையில் அளவோடும் போட்டோவோடும் மனு இருக்க வேண்டும். எரியாத விளக்கு, உடைந்த மூடி மாதிரி சின்ன வேலைகளுக்கு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பில்லர் பாக்ஸ் என்றால் மின் வாரியம், குடிநீர்க் குழாய் என்றால் குடிநீர் வாரியம், நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அவர்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டால் அது மேசைக்கு மேசை சுற்றும். ஒவ்வொரு வேலைக்கும் தனி மனு எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். எட்டு மாதம் கழித்து நானும் எதிர்வீட்டு ஆயாவும் அதே வழியில், அதே மாதிரி சாக்பீஸோடு நடந்தோம். 11 குறி 4 ஆகியிருந்தது. முழங்கால் உயரப் பிளாட்பாரம் தணிந்துவிட்டது, காருக்குப் போட்ட சரிவைச் சரிசெய்துவிட்டார்கள். மீதி நாலில் இரண்டு பில்லர் பாக்ஸ், ஒன்று திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால் மூடி, ஒன்று பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நிறுத்தி வைக்கும் பைக்குகள். நாலுக்கும் தனித்தனியாக மனு எழுதியாயிற்று. பில்லர் பாக்ஸ் மனுவில் ஆயாதான் முதல் கையெழுத்து.